வால்வில் மூன்றாவது ஆள்

நான் உண்டாகியிருக்கிறேன் என்பதை எனக்கு முன்னால் கண்டுபிடித்தது திருநெல்வேலி வால்வு ஆஸ்பத்திரிதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வள்ளியூரில் எங்கள் கடையில் உட்கார்ந்து, ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்றின் கருகிய காயிலைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி வைண்டிங் கட்டுவது என் வேலை. பம்பைக் கழற்றி மாட்டுவது என் வீட்டுக்காரர் கொம்பையாவின் வேலை. போன் அடித்தது.

“சந்தனமாரிதானே? நீங்க நெஞ்சுல கட்டியிருக்கிற எங்க பட்டை பத்து நாளா ரத்த ஓட்டம் கூடிக்கிட்டே போகுதுன்னு காட்டுதும்மா. வால்வு நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க. ஆமா, ஒங்களுக்கு நாள் தள்ளிப் போயிருக்கா?”

எப்படி இருக்கும் எனக்கு? கையில் உளி, முகமெல்லாம் கரி, எதிரே மோட்டாரை வாங்கிப் போக வந்த இரண்டு விவசாயிகள். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! “நாளைக்கு வந்து சொல்லுதேன்” என்று போனை வைத்துவிட்டுச் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். அதில் யார் மோட்டாரை என்றைக்குத் தர வேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. என் நாளை நான் குறித்தே வைக்கவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் இருபது நாள் தள்ளியிருந்தது.

முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்த விவசாயிகளைப் பார்த்துச் சிரித்துவைத்தேன். அவர்கள் மோட்டார் இன்றைக்கே கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டார்கள். பயம் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வந்தது.

என் நெஞ்சில் இருப்பது கூடப் பிறந்த வால்வு இல்லை. சின்ன வயதில் வந்த தொண்டைக் காய்ச்சல் இதயத்தில் இறங்கி, இருந்த வால்வைச் சுருட்டிவிட்டது. பத்தொன்பது வயதில் இரும்பு வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அப்படியும் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அது அடைத்துக்கொண்டு, நான் கடையிலேயே சரிந்துவிட்டேன். அப்போதுதான் இந்தப் புது வால்வை வைத்தார்கள்.

மறுநாள் நான், கொம்பையா, அவருடைய அம்மா, மூன்று பேரும் போய் டாக்டர் ரெக்ஸலின் முன்னால் உட்கார்ந்தோம். ரெக்ஸலின் என்ற அந்த டாக்டரம்மா நாகர்கோவில்காரர். சிரித்த முகமாகவே திட்டுவார்.

“மூணு வருஷத்துக்குப் பிள்ள வேண்டாம்னு கையெழுத்துப் போட்டீங்களா இல்லையா?”

“போட்டேன்.”

“இப்ப ரெண்டு வருஷம்தான் ஆகுது.”

“டாக்டர், அது என்னன்னா...” என்று கொம்பையா விளக்கம் சொல்ல வாயெடுத்தார். மேஜைக்கு அடியில் அவர் காலை ஒரு மிதி மிதித்தேன்.

அத்தைதான் கேட்டாள். “என்னத்துக்கும்மா மூணு வருஷம்? வால்வுதான் நல்லா வேலை செய்யுதே.”

“நாங்க வச்சிருக்கிறது வால்வே இல்லம்மா. வால்வு வடிவத்துல ஒரு வலை. ரத்தத்துல சுத்திக்கிட்டிருக்கிற இளஞ்செல்லுங்க வந்து அதுல ஒட்டி, பெருகி, சதையா மாறும். மூணு வருஷத்துல வலை கரைஞ்சிரும், சதை மட்டும் நிக்கும். அப்புறம் அது சொந்த வால்வு. மாத்திரை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

“சரி, அதுக்கும் பிள்ளைக்கும் என்ன?”

“வயித்துல பிள்ள இருக்கையில அதோட செல்லும் தாய் ரத்தத்துக்குள்ள வரும். வலைக்குச் சொந்தம் யாரு, வெளியாள் யாருன்னு தெரியாது. முதல்ல வாறவனுக்கு எடம் குடுத்துரும்.”

“பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்க மாதிரி” என்றேன்.

“அதேதான். பிள்ளையோட செல் உக்காந்து சதையாச்சுன்னா, பிறகு ஒங்க ஒடம்பு அதை வெளியாள்னு நெனச்சு விரட்டலாம். அப்ப வால்வு கிழியும். கிழிஞ்சா நெஞ்சைத் திறந்து இரும்பு வால்வு போடணும். அது எத்தன மாசத்துல நடந்தாலும் பிள்ளைய அப்பவே வெளிய எடுத்துரணும். இந்த வலையோட இதுவரைக்கும் யாரும் பெத்ததில்ல சந்தனமாரி. எனக்கே தெரியாத வழி இது. வேண்டாம்னா இப்பவே முடிச்சுக்கலாம். வேணும்னா மாசாமாசம் வால்வைப் படம் எடுத்துப் பாத்துக்கிட்டே போகலாம், ஏழாம் மாசம் வால்வுலேர்ந்து உதிருற செல்லை ரத்தத்துல புடிச்சு யாரோடதுன்னு பாத்துரலாம்.”

கொம்பையா என்னைப் பார்த்தார். அவர் நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிற ஆள். “எனக்கு நீ இருந்தாப் போதும்” என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

“எனக்கு நீங்க மட்டும் போதாது” என்றேன். டாக்டர் குனிந்துகொண்டு சிரித்தார்.

“சரி, பாத்துக்கிட்டே போவோம். இது தலைப்பிரசவம்தானே?”

நான் வாய் திறக்குமுன் அத்தை சொல்லிவிட்டாள். “ஆமாம்மா. தலைப்பிள்ளதான்.”

டாக்டர் அதையே பதிந்துகொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். அது பொய்.

ஆறு வருடத்துக்கு முன்னால், இரும்பு வால்வு இருந்த காலத்தில், ஒன்று உண்டாகி ஐந்து மாதம் இருந்தது. மாத்திரையை நிறுத்தினால் எனக்கு ஆபத்து, தொடர்ந்தால் பிள்ளைக்கு ஆபத்து. தொடர்ந்தோம். களக்காட்டில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே ஒரு சின்ன நர்சிங் ஹோமில் அது போய்விட்டது. கொம்பையாவும் அத்தையும் வந்து சேர்வதற்குள் நான் மயங்கிவிட்டேன். மயக்கம் தெளிந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என்னிடம் யாரும் காட்டவில்லை. என்ன பிள்ளை என்றுகூடச் சொல்லவில்லை. “அதெல்லாம் கேக்கப்படாது, மறந்துரு” என்றார்கள். எங்கள் பக்கத்தில் அப்படிப் போனதற்குப் பெயர் கிடையாது, நாள் கிடையாது, எத்தனை பிள்ளை என்று கேட்டால் அந்த எண்ணிக்கையிலும் அது வராது.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். “ஏன் அத்தே பொய் சொன்னிய?”

“வயித்துல ஒண்ணு இருக்கையில போனதப் பத்தி வாயெடுக்கப்படாதுட்டி. எடுத்தா இதுவும் போயிரும். எங்க அம்மைக்கு அப்படித்தான் ஆச்சு.”

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் ஊருக்கே சொல்லுவேன். ஆனால் அந்த நிமிஷம் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அடுத்த தடவை டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த தடவையும் சொல்லவில்லை.

சொல்லவேண்டிய தேவையும் வரவில்லை. அந்த மாதங்கள் அவ்வளவு நன்றாகப் போயின. எனக்கு வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. வார்னிஷ் வாசனை மட்டும் ஆகவில்லை, அதனால் வைண்டிங் முடித்த மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றும் வேலையைக் கொம்பையா எடுத்துக்கொண்டு, சட்டையெல்லாம் பிசுபிசுவென்று அலைந்தார். கடைக்கு வருகிறவர்கள் “என்ன கொம்பையா, மாசமா இருக்கது நீயா அவளா?” என்று கிண்டல் பண்ணினார்கள். அத்தை தினமும் மீன் வாங்கினாள். நான் தின்னாத நாளில் வால்வுக்கு ஆகாது என்று பயமுறுத்தித் தின்னவைத்தாள்.

ஆஸ்பத்திரியிலும் நல்ல செய்திதான். நாலாம் மாதம் டாக்டர் படத்தைக் காட்டி, “கர்ப்பத்துல ரத்தம் ஒண்ணரை மடங்கு ஓடும், வால்வு திணறும்னு நெனச்சேன். இது முன்னைவிட நல்லா மூடுது” என்றார். கிணற்றுக் குழாயின் அடியில் இருக்கிற புட் வால்வு ஒழுகாமல் மூடினால்தான் மோட்டார் தண்ணீர் எடுக்கும், எனக்கா தெரியாது? கேட்டபோது உடம்பெல்லாம் குளிர்ந்தது.

ஏழாம் மாதம் வளைகாப்பு. தெருவே வந்து கை நிறைய அடுக்கிவிட்டார்கள். அந்தக் கண்ணாடி வளையலோடேயே அடுத்த திங்கட்கிழமை பரிசோதனைக்குப் போனேன். டாக்டர் ரெக்ஸலின் முகத்தில் சிரிப்பு இல்லை.

“உக்காருங்க சந்தனமாரி. ஒங்க வால்வுல மூணுல ரெண்டு பங்கு சதை ஒங்களோடது இல்ல.”

“பிள்ளையோடதா?”

“அப்படித்தான் நெனச்சேன். ஒப்பிட்டுப் பாத்தாச்சு, ரெண்டு தடவை. ஒங்களோடதும் இல்ல, பிள்ளையோடதும் இல்ல. மூணாவதா ஒரு ஆளோடது.”

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. வீட்டுக்குள் யாரோ முகம் தெரியாதவன் குடியிருக்கிறான் என்று சொன்ன மாதிரி இருந்தது.

“வலை நெய்யுற எடத்துலதான் யாரோ ஒருத்தரோட செல் ஒட்டிக்கிட்டு வந்திருக்கணும்” என்றார் டாக்டர். “வேற வழியில்ல. ரத்தம் ஏத்தினதுல இப்படி வராது. அப்படி வந்த சதை இத்தன நாள் நின்னதே அதிசயம். பிரசவ வலியோட வேகத்துல கிழிஞ்சுதுன்னா ஒங்களைக் காப்பாத்த எனக்கு நேரம் இருக்காது. அதனால காத்திருக்க முடியாது. வியாழக்கிழமை ஆபரேஷன். இரும்பு வால்வு.”

“பிள்ள?”

“இருபத்தெட்டு வாரம். வெளிய எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில வைப்போம். பிழைக்கலாம்.” என் கை வளையல்களைப் பார்த்துக்கொண்டே, “பிழைக்காமலும் போகலாம்” என்றார்.

என் கை தானாக வயிற்றுக்குப் போனது. வளையல்கள் எல்லாம் சத்தம் போட்டன. உள்ளே அது எதுவும் தெரியாமல் உதைத்துக்கொண்டிருந்தது.

கொம்பையா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். “யாரு டாக்டர் அந்த மூணாவது ஆளு?”

“பேரு ஊரெல்லாம் தெரியாதுங்க. ஒரு ஆணுங்கிறது மட்டும் தெரியுது.”

அத்தை சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, இருக்கிற வால்வையும் கிழித்திருக்கும்.

“என்னத்துக்கு அத்தே என்னையப் பாக்கிய? எவனையாவது நெஞ்சுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேங்கியளா? வியாழக்கிழமை நெஞ்சத் தொறக்காவல்லா, வந்து நல்லா எட்டிப் பாத்துக்கிடுங்க!” என்று கத்திவிட்டு ஓவென்று அழுதேன்.

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்து டாக்டர் பக்கத்தில் போய் நின்றாள்.

“டாக்டரம்மா, அது எங்கேயிருந்தும் ஒட்டிக்கிட்டு வரல. நான் ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். இவளுக்கு இது தலைப்பிள்ள இல்ல. முன்னால ஒண்ணு அஞ்சு மாசத்துல போயிட்டு. ஆம்பளப் பிள்ள. நான்தான் கையில வாங்குனேன். நான் பாத்தேன்.”

எனக்குப் பிறந்தது ஆண் பிள்ளை என்று, ஆறு வருடம் கழித்து, அந்த ஆஸ்பத்திரி அறையில்தான் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் ரெக்ஸலின் பேனாவை மேஜையில் வைத்தார். எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. “கொம்பையா, கையை நீட்டுங்க. ரத்தம் வேணும்” என்றார்.

முடிவு வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். “ஒங்களுக்கும் தெரியுமா?” என்று கொம்பையாவைக் கேட்டேன்.

“தெரியும்.”

“ஆறு வருஷம் என்கிட்ட சொல்லல.”

“ஒன் நெஞ்சு தாங்காதுன்னு அந்த நர்சம்மா சொன்னாவ. அதுக்குப் பிறகு எப்படிச் சொல்லன்னு தெரியல. களக்காட்டு ஆத்தங்கரையில நான்தான் குழி வெட்டினேன் சந்தனம். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸுல அந்தப் பாலத்தத் தாண்டும்போது எந்திரிச்சு நிப்பேனே, நீ கூட ஏன் நிக்கியன்னு கேப்பே.”

கேட்டிருக்கிறேன். கால் மரத்துப் போச்சு என்று சொல்லுவார். அவர் மேல் வந்த கோபத்தையும் பாசத்தையும் என்னால் பிரிக்க முடியவில்லை. முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு அந்தத் தோளிலேயே சாய்ந்துகொண்டேன். அத்தை கண்ணை மூடி எல்லாச் சாமியையும் ஊர் ஊராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நர்சை அனுப்பாமல் டாக்டரே வராந்தாவுக்கு வந்தார். முகத்தில் பழைய சிரிப்பு.

“பாதி ஒங்களோடது, பாதி கொம்பையாவோடது. சந்தேகமே இல்ல. பிள்ள போனாலும் அது விட்டுட்டுப் போன செல்லுங்க தாய் ஒடம்புல இருபது முப்பது வருஷம்கூட இருக்கும்மா. ஒங்க எலும்புக்குள்ள எங்கேயோ சும்மா இருந்திருக்கான். நாங்க வலையப் போட்டதும் ஒங்க செல்லு வாறதுக்கு முன்னால இவன் வந்து உக்காந்துட்டான். நாங்க அந்தச் சதை ஒங்களோடதா, பிள்ளையோடதான்னு மட்டும்தான் பாத்தோம். சொந்தமான்னு பாக்கவே இல்ல. தலைப்பிரசவம்னு எழுதியிருந்துதா, அந்த யோசனையே வரல.”

“அப்ப வியாழக்கிழமை?” என்று கொம்பையா கேட்டார்.

“வியாழக்கிழமை வீட்டுல போய் மோட்டார் கட்டுங்க. ஆபரேஷன் கிடையாது.”

“என் ஒடம்பு அவன வெளியாள்னு விரட்டுனா?” என்றேன்.

“ஆறு வருஷமா விரட்டலையே. இனிமே எதுக்கு விரட்டும்?”

நான் அழுத அழுகையில் பக்கத்து வார்டிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். “ஒண்ணுமில்ல, சந்தோஷ சமாச்சாரம்” என்று அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே அவர்களைத் திருப்பி அனுப்பினாள்.

பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு எனக்கு வலி வந்தது. மத்தியானம் ஒன்றரைக்குப் பிள்ளை பிறந்தது. அவ்வளவு நேரமும் டாக்டர் ரெக்ஸலின் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, திரையில் வால்வையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பல்லைக் கடித்து முக்கும்போதெல்லாம் “மூடுது, மூடுது, நல்லா மூடுது!” என்று கிரிக்கெட் பார்க்கிறவர் மாதிரி கத்தினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெண் பிள்ளை. மூன்று கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு. நல்ல தொண்டை, என்னை மாதிரி.

நாற்பத்தைந்தாம் நாள் பரிசோதனைக்குப் போனோம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். “ஒரே ஒரு சின்ன வேலை. ஒருத்தர் ஒடம்புல இன்னொருத்தர் சதை இருந்தா சட்டப்படி உறுப்புக் கொடைன்னு பதியணும். பதியலைன்னா அடுத்த பரிசோதனைக்கு ஒங்க பேரைக் கம்ப்யூட்டர் எடுக்காது” என்று கீழே பதிவு அறைக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு இளம்பெண் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். “கொடை வாங்கினவங்க சந்தனமாரி. சரி. குடுத்தவங்க பேரு?”

“இறந்துட்டான்மா” என்றேன்.

“பரவால்லக்கா. பேரு சொல்லுங்க.”

கொம்பையா தரையைப் பார்த்தார். ஒரு பெயரும் வைக்காமல் மண்ணில் போட்டுவிட்டு, இப்போது அவன் பெயர் என்ன என்றால் எங்கே போவது? “பேரு வைக்கலம்மா. பேரில்லைன்னு போட்டுக்கோ” என்று சொல்ல வந்தேன்.

“பலவேசம்” என்றாள் அத்தை.

நான் திரும்பிப் பார்த்தேன். என் மகள் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். பலவேசம் என்பது இறந்துபோன என் மாமனாரின் பெயர். கட்டிய புருஷனின் பெயரை அத்தை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. எந்த ஆபீஸில் கேட்டாலும் ரேஷன் அட்டையை எடுத்து நீட்டுவாளே தவிர, வாய் திறக்கமாட்டாள். எங்கள் பக்கத்தில் தாத்தா பெயர் தலைப்பேரனுக்கு மட்டும்தான். ஒருவனுக்கு வைத்துவிட்டால் அதோடு சரி. போன வருடம் என் கொழுந்தன் தன் பையனுக்கு அந்தப் பெயரைக் கேட்டு வந்தபோது, அது கொம்பையா வீட்டுக்கு என்று ஒரேயடியாக மறுத்து அனுப்பியவள் அவள்.

“எம்மா” என்றார் கொம்பையா மெதுவாக. “அப்பா பேரும்மா அது. நாளைக்கு ஒரு பையன் பொறந்தா?”

“பொறந்தா வேற பேரு வையி. நாட்டுல பேருக்கா பஞ்சம்?” என்றாள் அத்தை. “அவந்தானல தலைப்பேரன்.”

அந்தப் பெண் பெயரை அடித்தாள். உறவு என்ன என்று கேட்டாள், கொம்பையா சொன்னார். தப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

கொடையாளர்: கொ. பலவேசம். உறவு: மகன்.

அத்தைக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. அதனால் நான் சத்தமாக, இரண்டு தடவை, வாசித்துக் காட்டினேன்.